ஸ்கிரீன்ஷாட்டில் அகப்படாத எடிட்டர்

ஈமாக்ஸ் பற்றிய எந்த அறிமுகத்தைத் திறந்தாலும் முதலில் கண்ணில் படுவது ஒரு படம். கறுப்புப் பின்னணி, நான்கைந்து வண்ணங்களில் நிரல் வரிகள், இடப்பக்கம் கோப்புப் பட்டியல், அடியில் பளபளவென்று ஒரு தகவல் பட்டை. பார்த்து ஆசைப்பட்டவர் ஈமாக்ஸை நிறுவித் திறக்கிறார். வருவதோ வெள்ளைத் திரை. மேலே தொண்ணூறுகளை நினைவூட்டும் பொத்தான்கள், நடுவே க்னூவின் தலை, பக்கத்தில் நாலைந்து இணைப்புகள். படத்தில் பார்த்ததற்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கொஞ்ச நேரம் எதையெதையோ தட்டிப் பார்த்துவிட்டு அவர் தன் பழைய எடிட்டருக்கே திரும்பிவிடுகிறார்.

வயதான ஒரு டெக்ஸ்ட் எடிட்டரைப் புதியவருக்கு எப்படிக் காட்டுவது என்ற கேள்விக்கு ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளாக விடை தேடிக்கொண்டிருக்கிறார்கள். எடிட்டருக்குள்ளேயே வைத்த பாடம், அச்சுக் கையேடு, மடிப்பு அட்டை, ஸ்கிரீன்ஷாட், வீடியோ, விளையாட்டு, எல்லாம் அமைத்துக் கொடுக்கும் தயார்நிலைத் தொகுப்பு என்று ஒன்று பாக்கியில்லாமல் வந்துவிட்டன. ஈமாக்ஸையும் அதன் நிரந்தரப் பங்காளியான விம்மையும் (பாத்திரம் துலக்கும் விம் வேறு) வைத்து இவற்றில் எது எவ்வளவு தேறியது என்று பார்க்கலாம். என் கட்சியை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். படம் ஆளை வாசல்வரை கூட்டி வரும். உள்ளே இருத்தி வைப்பது கைப்பழக்கம். அதை ஏற்படுத்துவதில் 1970களின் வழியை இன்றுவரை எதுவும் மிஞ்சவில்லை.

முதலில் வயது. ஈமாக்ஸ் 1976-ல் எம்ஐடியின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் பிறந்தது. டெக்கோ என்ற இன்னும் பழைய எடிட்டருக்கு ஆளாளுக்கு எழுதி வைத்திருந்த மேக்ரோக்களைத் திரட்டி ஒழுங்குபடுத்தும் வேலையைக் கை ஸ்டீல் தொடங்கினார், ரிச்சர்ட் ஸ்டால்மன் முடித்தார். அதே காலகட்டத்தில் பெர்க்லியில் பில் ஜாய் விஐ என்ற எடிட்டரை எழுதிக்கொண்டிருந்தார். இன்று நம் கணினிகளில் ஓடும் க்னூ ஈமாக்ஸ், ஸ்டால்மன் 1984-ல் அடியிலிருந்து மறுபடி எழுதத் தொடங்கி 1985-ல் வெளியிட்டது. விஐயின் வாரிசான விம்மை நெதர்லாந்துக்காரரான பிராம் மூலெனார் 1991-ல் வெளியிட்டார். இவற்றோடு ஒப்பிட்டால் 2015-ல் வந்த விஎஸ் கோட் பச்சைக் குழந்தை. ஆனால் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ நிரலர்களிடம் நடத்தும் ஆண்டுக் கணக்கெடுப்பில், 2023-ல் அந்தக் குழந்தையைப் பயன்படுத்துவதாகச் சொன்னவர்கள் நூற்றுக்கு 73 பேர். விம் சுமார் 22, ஈமாக்ஸ் 5-க்கும் கீழே.

எண்ணிக்கை குறைவு என்பதை ஒரு குறையாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. இந்த இடைவெளியில் புதியவரின் கை எதற்குப் பழகியிருக்கிறது என்பதுதான் விஷயம். இன்று எந்தக் கணினியில் உட்கார்ந்தாலும் வெட்ட எக்ஸ், நகலெடுக்க சி, ஒட்ட வி, செய்ததை ரத்துசெய்ய இசட். ஆப்பிளின் லிசா, மேக்கின்டாஷ் வழியாக 1980களில் பரவிய பழக்கம் இது. ஈமாக்ஸின் விசைகளோ அதற்கு முன்பே முடிவாகிவிட்டன. ஈமாக்ஸில் கண்ட்ரோல்-எக்ஸ் தட்டினால் எதுவும் வெட்டுப்படாது. பல டஜன் கட்டளைகளுக்கு அது தலைவாசல் என்பதால் அடுத்த விசைக்காகச் சும்மா காத்திருக்கும். கண்ட்ரோல்-சி தட்டினாலும் அதே கதை. கண்ட்ரோல்-வி ஒரு பக்கம் கீழே தள்ளிவிடும். பதறிப்போய்க் கண்ட்ரோல்-இசட் தட்டினால் ஜன்னலே சுருங்கி மறைந்துபோகும். போதாக்குறைக்கு, ஒரு வரியைத் தேர்ந்தெடுத்துவிட்டு மேலே எதையாவது அடித்தால் பழைய வரி அழியாமல் அப்படியே நிற்கும். விரல்கள் யோசிக்காமல் செய்யும் ஐந்து காரியங்களும் ஐந்து விதமாகப் பிசகுகின்றன. இதில் ஒன்றையாவது எந்த ஸ்கிரீன்ஷாட்டிலாவது காட்ட முடியுமா?

இத்தனைக்கும் மருந்து ஈமாக்ஸுக்குள்ளேயே இருக்கிறது. ஆப்ஷன்ஸ் மெனுவைத் திறந்தால் வெட்டி ஒட்டும் விசைகளை உலக வழக்கத்துக்கு மாற்றும் வரி கண்ணெதிரே நிற்கும். ஒரு சொடுக்குப் போதும். அறிமுகக் கட்டுரை எழுதும் பழந்தின்னிகள் பெரும்பாலும் இதைச் சொல்வதில்லை. சொன்னால் புதியவர் கெட்டுப்போவார், ஈமாக்ஸின் முறைவழிக்கு வரமாட்டார் என்று ஒரு பயம். ஈமாக்ஸ் முறையைக் கற்றால் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் முதல் நாளே ஆளை விரட்டிவிட்டு இரண்டாம் மாதத்துப் பாடத்தை யாருக்கு நடத்துவது?

இனி அந்த உள்ளமைந்த பாடத்துக்கு வருகிறேன். ஈமாக்ஸைத் திறந்து கண்ட்ரோல்-எச், பிறகு டி. அவ்வளவுதான், பாடம் திறந்துவிடும். ஸ்டூவர்ட் கிராக்ராஃப்ட் என்பவர் ஆதி ஈமாக்ஸுக்கு எழுதிய பாடத்தின் வழிவந்தது இது என்று பாடத்தின் கடைசியிலேயே நன்றி சொல்லியிருக்கிறார்கள். படம் கிடையாது, வண்ணம் கிடையாது. ஆயிரத்துச் சொச்சம் வரி எழுத்து. ஆனால் அதன் வடிவத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். வரிகளுக்கிடையே ஆங்காங்கே ஓரத்தில் இரட்டை அம்புக்குறி நிற்கும். அது வந்தால் படிப்பதை நிறுத்திவிட்டுச் செய்துபார்க்க வேண்டும் என்று பொருள். முதல் பக்கத்திலேயே ஈமாக்ஸிலிருந்து வெளியேறுவது எப்படி, பாதி அடித்த கட்டளையைக் கைவிடுவது எப்படி என்ற இரண்டையும் சொல்லிவிடுகிறார்கள். பிறகு அடுத்த திரைக்குப் போகச் சொல்லும் இடத்தில் நடுப்பக்கத்தில் சில வரிகள் வெறுமையாகக் கிடக்கும். பாடம் சொல்வதற்காகவே விட்ட இடைவெளி என்று அங்கேயே ஒரு குறிப்பும் இருக்கும். படிப்பவரின் ஜன்னல் எவ்வளவு பெரியது என்று பார்த்து, அதற்கேற்ற அளவில் ஈமாக்ஸ் அந்த இடைவெளியைப் போடுகிறது. ஏன் இந்தப் பாடு? ஜன்னல் பெரிதாக இருந்து பாடத்தின் அடுத்த பகுதியும் அதே திரையில் தெரிந்துவிட்டால், பக்கம் தள்ளும் விசையைத் தட்ட வேண்டிய தேவையே வராது. தேவை வராவிட்டால் விரலுக்குப் பழகாது.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. படிப்பவர் ஏற்கெனவே ஏதாவது விசையை மாற்றி வைத்திருந்தால், பாடம் அதைக் கண்டுபிடித்து, இந்த விசை உங்களிடம் மாற்றப்பட்டிருக்கிறது என்று எச்சரிக்கும். பாதியில் மூடினால் விட்ட இடத்தைக் குறித்து வைக்கட்டுமா என்று கேட்கும். அச்சுப் புத்தகத்தாலோ வீடியோவாலோ இதைச் செய்ய முடியாது. ஸ்டால்மன் ஈமாக்ஸைப் பற்றி எழுதிய ஆய்வறிக்கையின் தலைப்பிலேயே, தன்னைத் தானே விளக்கிக்கொள்ளும் எடிட்டர் என்ற பண்பைச் சேர்த்திருந்தார். அதற்கு இந்தப் பாடம் நல்ல சாட்சி. எந்த விசையையும் காட்டி இது என்ன செய்யும் என்று கேட்டால், கண்ட்ரோல்-எச் கே பதில் சொல்லும். இணையமே இல்லாத ஊரிலும் சொல்லும்.

குறை இல்லாமலா? பாடத்தின் முதல் கால்வாசி கர்சரை நகர்த்துவதிலேயே போய்விடுகிறது. முன்னே, பின்னே, மேலே, கீழே என்று நான்கு கண்ட்ரோல் விசைகள். அம்புக்குறி விசைகளும் வேலை செய்யும் என்று பாடமே ஒப்புக்கொள்கிறது. ஒப்புக்கொண்ட பிறகும் விடாமல் அந்த நான்கையே வலியுறுத்துகிறது. நாள் முழுக்கத் தட்டச்சு செய்பவருக்கு அதன் அருமை புரியும். நேற்று வந்தவருக்கு அது சும்மா சிரமம். கூடுதல் தொகுதிகளை நிறுவுவது பற்றிக் கடைசியில் ஒரு சிறு பகுதி வருகிறது. ஆனால் எந்தப் படத்தைப் பார்த்து அவர் வந்தாரோ, அந்தக் கறுப்புத் திரையும் வண்ண எழுத்தும் எப்படி வரும் என்று பாடம் மூச்சு விடுவதில்லை.

விம் பக்கம் இதற்கு இணை, விம்டியூட்டர். கொலராடோவில் சுரங்கவியல் கல்லூரி ஒன்றைச் சேர்ந்த மைக்கேல் பியர்ஸ், ராபர்ட் வேர் இருவரும் எழுதியது. பிறகு மூலெனார் விம்முக்கேற்பத் திருத்தினார். டெர்மினலில் அந்தப் பெயரை அடித்தால் பாடக் கோப்பின் நகல் ஒன்று திறக்கும். நகல் என்பதால் எதை வேண்டுமானாலும் அழிக்கலாம், கெடுக்கலாம். அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். எழுத்துகள் இரட்டித்துப் பிழையாக அடித்த ஒரு வாக்கியத்தைக் கொடுத்து, மிகையான எழுத்துகளை ஒவ்வொன்றாக அழி என்பார்கள். வெறுமனே 'இந்த விசை எழுத்தை அழிக்கும்' என்று சொல்வதற்கும் அழுக்கைக் கையில் கொடுத்துத் துடை என்பதற்கும் உள்ள வித்தியாசம் இங்கே தெரியும்.

இந்தப் பாடத்தில் எனக்கு மிகப் பிடித்தது இரண்டாவது பயிற்சி. முதல் பயிற்சியில் கர்சரை நகர்த்தக் கற்றிருப்பார். உடனே இரண்டாவதில், விம்மை விட்டு வெளியே போ, போய்விட்டு வந்த வழியாகவே மறுபடி உள்ளே வா என்கிறார்கள். பாடத்தைத் தொடங்கிய சில நிமிடங்களிலேயே மாணவனை வெளியே அனுப்பும் துணிச்சல் எத்தனை ஆசிரியருக்கு வரும்? வெளியே போகத் தெரிந்தவனுக்குத்தான் உள்ளே இருக்கப் பயமில்லை என்று எழுதியவர்களுக்குப் புரிந்திருக்கிறது.

சரி, இவ்வளவு தெளிவாகச் சொல்லியும், விம்மிலிருந்து எப்படி வெளியேறுவது என்று 2012-ல் ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் ஒருவர் கேட்ட கேள்வியை, 2017-க்குள் 10 லட்சம் தடவைக்கு மேல் திறந்து பார்த்திருக்கிறார்கள். அந்த நிறுவனமே அதைக் கொண்டாட்டமாக அறிவித்தது. நிரலர் உலகில் இது அலுத்துப்போன நகைச்சுவை. நான் இதைச் சிரிப்பாகப் பார்க்கவில்லை. அந்த லட்சக்கணக்கானவர்கள் விம்மைத் தேர்ந்தெடுத்து வந்தவர்களாக இருக்க வாய்ப்புக் குறைவு. நிரல் மாற்றங்களைக் குறித்து வைக்கும் கருவியான கிட்டில் ஒரு மாற்றத்தைப் பதிவுசெய்யப் போனால், வேறு எடிட்டர் எதையும் குறித்து வைக்காதபட்சத்தில் அது விஐயைத் திறந்துவிடும். சர்வரில் ஒரு அமைப்புக் கோப்பைத் திருத்தப் போனாலும் பலசமயம் அதுதான் நிற்கும். இப்படித் தள்ளிவிடப்பட்டவருக்கு விம்டியூட்டர் என்று ஒன்று இருப்பதே தெரியாது. ஸ்கிரீன்ஷாட்டும் டுடோரியலும் தயாரிப்பவர்கள் எல்லோரும் தாமாக விரும்பி வரும் ஒருவரையே மனத்தில் வைத்திருக்கிறார்கள். தவறி விழுந்தவரை யாரும் எண்ணுவதில்லை. விம்மின் இப்போதைய பதிப்புகள் இதைக் கொஞ்சம் கவனித்திருக்கின்றன. தப்பிக்க வழி தெரியாமல் கண்ட்ரோல்-சி தட்டினால், வெளியேறும் கட்டளை இதுதான் என்று திரையின் அடியில் ஒரு வரி காட்டும். ஒரே ஒரு வரி. எனக்கு அது எத்தனையோ அறிமுகக் கட்டுரைகளைவிட உயர்ந்ததாகப் படுகிறது. 2020 அக்டோபரில் வந்த ஃபெடோரா 33 என்ற லினக்ஸ் வெளியீடு, விஐயை ஒதுக்கிவிட்டு நானோ என்ற எடிட்டரை இயல்பு எடிட்டராக ஆக்கியதற்கும் காரணம் இப்படித் தவறி விழுந்தவர்களின் தவிப்பே. நானோவின் திரையடியில் இரண்டு வரி எப்போதும் நிற்கும். எந்த விசை எதைச் செய்யும், எதைத் தட்டினால் வெளியே போகலாம் என்று அதில் இருக்கும்.

ஸ்கிரீன்ஷாட்டுக்கு வருவோம். அதன் மீது எனக்கு இரண்டு புகார்.

ஒன்று, அது சீக்கிரம் கெட்டுவிடும் பண்டம். ஈமாக்ஸுக்குப் பொத்தான் பட்டை வந்ததே 2001-ல், 21-ஆம் பதிப்பில். வண்ணத் தோற்றங்களை எளிதாக மாற்றும் வசதியும் தொகுதிகளை நிறுவும் ஏற்பாடும் 2012-ல், 24-ஆம் பதிப்பில் உறுதிப்பட்டன. ஒவ்வொரு தடவையும் அதற்கு முந்தைய படங்கள் எல்லாம் ஒரே நாளில் பழசாகின. ஓ'ரைலி பதிப்பகம் 1991-ல் வெளியிட்ட ஈமாக்ஸ் பாடநூலின் மூன்றாம் பதிப்பு 2004-ல் வந்தது. அதில் உள்ள படங்களை இன்று காட்டினால் புதியவர் முகம் சுளிப்பார். ஆனால் அதே நூலின் விசை அட்டவணைகளைப் பார்த்துக்கொண்டே இன்றைய 30-ஆம் பதிப்பில் வேலை செய்யலாம். ஈமாக்ஸில் மாறாதது விசைகள், மாறிக்கொண்டே இருப்பது முகம். மாறுவதைப் படமெடுத்து மாறாததை விளக்க முயல்கிறோம்.

இரண்டாவது புகார் பெரிது. அந்தப் படங்கள் பழகிய கைகளின் படங்கள். பல ஆண்டு பழகியவர் முதலில் செய்யும் காரியம் மெனு பட்டையை மறைப்பது, பொத்தான் பட்டையை மறைப்பது, உருள்பட்டையை மறைப்பது. அவருக்கு அது இடத்தை அடைக்கும் குப்பை. அவர் எடுத்த படத்தைப் பார்த்து, அவர் கொடுத்த மூன்று வரி அமைப்பை அப்படியே ஒட்டி, புதியவரும் எல்லாவற்றையும் மறைத்துவிடுகிறார். படம் ஒத்துப்போகிறது, மகிழ்ச்சி. ஆனால் ஈமாக்ஸின் மெனுவில் ஒவ்வொரு கட்டளைக்கும் பக்கத்திலேயே அதற்கான விசை எழுதியிருக்கும். சுட்டியால் நாலு தடவை சொடுக்குபவர் ஐந்தாம் தடவை விசையைத் தட்டிப் பார்ப்பார். அவருக்கு இருந்த ஒரே வழிகாட்டிப் பலகையை முதல் நாளே பிடுங்கிப் போட்டாயிற்று. புதியவருக்கான அறிமுகங்களில் இதைவிடக் கெடுதலான அறிவுரையை நான் பார்த்ததில்லை. அழகு கூடுகிறது என்பதற்காக இன்றுவரை எல்லோரும் வழங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

அப்படியானால் படமே வேண்டாமா? வேண்டும். எந்தப் படம் என்பதில்தான் பேச்சு. மாகிட் என்ற தொகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். 2008-ல் மாரியஸ் வோல்மர் தொடங்கியது, கிட்டை ஈமாக்ஸுக்குள்ளிருந்தே இயக்குவது. அதில் ஒரு விசையைத் தட்டினால் திரையின் கீழ்ப்பாதியில் ஒரு பலகை விரியும். இப்போது என்னென்ன செய்யலாம், எதற்கு எந்த எழுத்து என்று வரிசையாக நிற்கும். இதன் ஸ்கிரீன்ஷாட் அழகுப் படமாகவும் இருக்கிறது, பாடமாகவும் இருக்கிறது. பார்த்தவர் அப்படியே செய்ய முடியும். தட்டிய விசைக்கு அடுத்து என்ன வரலாம் என்று காட்டும் விச்-கீ தொகுதி 2025 பிப்ரவரியில் வந்த 30-ஆம் பதிப்பில் ஈமாக்ஸோடேயே சேர்ந்து வருகிறது. ஆனால் இயல்பாக அணைந்த நிலையில். நல்லதைக் கொடுத்துவிட்டு அதன் மேல் துணி போட்டு மூடுவது ஈமாக்ஸ்காரர்களின் தனிக்கலை.

மாகிட்டுக்கு நேர்மாறான உதாரணம் ஆர்க் மோட். கார்ஸ்டன் டொமினிக் என்ற வானியலாளர் 2003-ல் தம் குறிப்புகளை ஒழுங்குபடுத்த எழுதத் தொடங்கியது. நிரல் எழுதாத எழுத்தாளர்களையும் ஆய்வாளர்களையும் ஈமாக்ஸுக்கு இழுத்து வந்ததில் அதற்குப் பெரிய பங்கு. ஆனால் அதன் ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்தால் நட்சத்திரக் குறிகளோடு கிடக்கும் சாதாரணப் பட்டியல். டேப் விசையைத் தட்டத் தட்டத் தலைப்புகள் மடிந்து விரிவதும், ஒரு வரி ஒரே தட்டலில் செய்ய வேண்டிய வேலையாக மாறுவதும் நிலைப்படத்தில் அகப்படாது. இங்கே வீடியோவுக்கு வேலை உண்டு. நார்வேயின் மாக்னார் ஸ்வீன் 2011-ல் தொடங்கிய ஈமாக்ஸ் ராக்ஸ் தொடர் அந்த இடத்தைப் பிடித்தது. ஒவ்வொன்றும் சில நிமிடம்தான். ஒரு சிக்கல், மின்னல் வேகத்தில் ஒரு தீர்வு, முடிந்தது. சினிமா டிரெய்லர் மாதிரி. கற்றுக்கொள்ள முடியாது, ஆனால் கற்றுக்கொள்ளத் தோன்றும். அதற்கு ஓராண்டு முன்பு விம்முக்கு ட்ரூ நீல் தொடங்கிய விம்காஸ்ட்ஸ் நிதானமானது. 2020 வாக்கில் வந்த சிஸ்டம் கிராஃப்டர்ஸ் போன்றவை மணிக்கணக்கில் ஓடுபவை, வெற்று ஈமாக்ஸிலிருந்து ஒவ்வொரு வரியாகக் கட்டியெழுப்பிக் காட்டுபவை. வீடியோக்களின் பொதுக் குறை, விரல் என்ன செய்கிறது என்று தெரியாதது. தட்டும் விசையைத் திரையில் காட்டும் வசதியைச் சேர்க்காதவர் வீடியோவில் வெறும் மாயாஜாலம்தான் மிஞ்சும்.

விளையாட்டையும் விடவில்லை. 2012-ல் வந்த விம் அட்வெஞ்சர்ஸில் எச், ஜே, கே, எல் விசைகளால் ஒரு பாத்திரத்தைப் புதிர்ப்பாதையில் நடத்த வேண்டும். அந்த நான்கு எழுத்துகள் ஏன் என்பதற்கும் ஒரு கதை உண்டு. பில் ஜாய் பயன்படுத்திய ஏடிஎம்-3ஏ டெர்மினலின் விசைப்பலகையில் அந்த நான்கு எழுத்துகளின் மேல்தான் அம்புக்குறிகள் அச்சிட்டிருந்தன. அம்புக்குறிக்கெனத் தனி விசை இல்லை. காரணம் தெரிந்தால் மனப்பாடம் எளிது. டுடோரியல்கள் இதைப் பெரும்பாலும் சொல்வதில்லை.

நான் பார்த்தவற்றில் ஆகச் சிறந்த ஒற்றைப் படம் ஸ்கிரீன்ஷாட்டே இல்லை. டொரண்டோவில் வாழும் சாச்சா சுவா 2013-ல் கையால் வரைந்த ஒரு பக்கம். ஈமாக்ஸைக் கற்பது எப்படி என்று. முதலில் எதைத் தொடலாம், எதை இப்போதைக்குத் தொடவே வேண்டாம், எங்கே மாட்டிக்கொள்வீர்கள், மாட்டினால் யாரிடம் போகலாம் என்று பாதைபோல் வரைந்திருப்பார். திரையின் தோற்றம் அதில் இல்லாததால் அது பழசாகவும் இல்லை.

தயார்நிலைத் தொகுப்புகள் இன்னொரு கிளை. ஃபில் ஹேகல்பர்கின் ஸ்டார்ட்டர் கிட், 2011-ல் பொழிதார் பாட்சோவின் பிரெலூட், 2012-ல் சில்வன் பென்னரின் ஸ்பேஸ்மாக்ஸ், பின்பு ஹென்ரிக் லிஸ்னரின் டூம். படத்தில் பார்த்தது திறந்தவுடன் கிடைக்க வேண்டும் என்ற ஆசையை இவை நேரடியாகத் தீர்க்கின்றன. ஸ்பேஸ்மாக்ஸில் இடைவெளி விசையைத் தட்டினால் பட்டியல் விரியும். விம்மிலிருந்து வருபவர்க்கு விசைகளும் பழகியவையே. விலை என்ன? உள்ளமைந்த பாடமும் கையேடும் வெறும் ஈமாக்ஸுக்காக எழுதியவை. இவர் திரையில் இருப்பது வேறு. ஏதாவது பழுதானால், பழுது ஈமாக்ஸிலா தொகுப்பிலா என்று பிரித்துப் பார்க்க இரண்டும் தெரிந்திருக்க வேண்டும். ஆனாலும் நிரலருக்கு நான் டூமைப் பரிந்துரைப்பேன். கட்டுரையோ நாவலோ எழுதுபவருக்கு மாட்டேன். அவருக்கு வெறும் ஈமாக்ஸ், மெனு பட்டையோடு, ஆர்க் மோடோடு போதும்.

எழுத்தாளர் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். நாவலாசிரியர் நீல் ஸ்டீபன்சன் 1999-ல் கட்டளை வரியைப் பற்றி எழுதிய நீள்கட்டுரையில் ஈமாக்ஸை மனமாரப் புகழ்ந்திருந்தார். ஒரு படமும் இல்லை, ஒரு விசையும் சொல்லவில்லை. சொல்லாலேயே ஆசை காட்டிவிட்டார். ஹாலிவுட்டும் தன் பங்குக்குச் செய்தது: 2010-ல் வந்த ட்ரான்: லெகசி படத்தின் கணினித் திரைகளில் தெரிவது ஈமாக்ஸ். தெரிந்தவர்கள் விசிலடித்தார்கள், தெரியாதவர்களுக்கு அது ஏதோ ஹேக்கர் திரை.

இந்த முயற்சிகளில் பலவற்றுக்கும் முன்னால் நடந்த ஒன்று, ஸ்டால்மன் 2002-ல் ஓர் உரையில் சொன்னது. 1978-ல் பெர்னார்ட் கிரீன்பர்க் மல்டிக்ஸ் இயங்குதளத்துக்கு ஒரு ஈமாக்ஸ் எழுதினார், லிஸ்ப் மொழியில். அவர் அலுவலகத்துச் செயலாளர்கள் அதைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். அவர்களுக்குக் கொடுத்த கையேட்டில் எடிட்டரை நீட்டிக்கும் வழி இருந்தது. ஆனால் அதற்குப் பெயர் நிரலாக்கம் என்று அதில் எங்கும் எழுதியிருக்கவில்லை. தங்களால் நிரல் எழுத முடியாது என்று நம்பியிருந்தவர்கள், தங்களுக்கு வேண்டிய சின்னச் சின்ன வசதிகளைத் தாங்களே எழுதிக்கொண்டார்கள். பயமுறுத்தாமல் எழுதிய ஒரு கையேடு செய்த காரியம் இது. இன்றைய அறிமுகங்களில் பல, இரண்டாவது பத்தியிலேயே லிஸ்ப் என்ற பெயரை முழங்கி, அடைப்புக்குறிகள் நிறைந்த ஒரு படத்தையும் போட்டுவிடுகின்றன.

தமிழில் எழுதுபவருக்கு ஈமாக்ஸைக் காட்ட வேண்டுமென்றால் எந்தப் படத்தைக் காட்டுவது? கண்ட்ரோல்-எச் எச் தட்டினால் உலக மொழிகளில் முகமன் சொல்லும் கோப்பு ஒன்று திறக்கும். அந்த வரிசையில் தமிழும் இருக்கிறது, வணக்கம் என்ற சொல்லோடு. 2020-ல் வந்த 27-ஆம் பதிப்பு ஹார்ஃப்பஸ் என்ற எழுத்துருவாக்கப் பொறிக்கு மாறியபின் கொம்பும் காலும் இடம் மாறாமல் ஒழுங்காக விழுகின்றன. அந்தத் திரையையே முதல் படமாகப் போடலாம். அமைப்பு எதுவும் மாற்றாத ஈமாக்ஸில் அப்படியே வரும் என்பது அதன் சிறப்பு.

பாடம்தான் சிக்கல். உள்ளமைந்த பாடத்துக்கு ஜப்பானியம், கொரியம், தாய், ஹீப்ரு உட்பட இருபது மொழிகளையொட்டி மொழிபெயர்ப்பு இருக்கிறது. விம்டியூட்டருக்கு அதைவிட அதிகம். இரண்டிலும் தமிழ் இல்லை. யாராவது செய்ய முனைந்தால் வரிக்கு வரி மொழிபெயர்ப்பது உதவாது. முதல் முட்டுக்கட்டை விசைப்பலகை. இயங்குதளத்திலேயே தமிழ்99-க்கு மாற்றிக்கொண்டு ஈமாக்ஸுக்குள் போனால், கண்ட்ரோலோடு தட்டுவது தமிழ் எழுத்தாகப் போய்ச் சேரும். அப்படியொரு கட்டளை இல்லை என்று ஈமாக்ஸ் கைவிரிக்கும். விம்மில் ஜே, கே தட்டினாலும் அதே கதி. ஈமாக்ஸுக்குள் இருக்கும் தமிழ் உள்ளீட்டு முறைகளில், ஐட்ரான்ஸோ இன்ஸ்கிரிப்ட்டோ, ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. எழுத்து தமிழாகவும் கட்டளை வழக்கம்போலவும் போகும். கண்ட்ரோலோடு பின்சாய்வுக் கோட்டைத் தட்டினால் மாறிக்கொள்ளும். தமிழ்ப் பாடம் கர்சரை நகர்த்துவதில் தொடங்கக் கூடாது. இந்த விசையில் தொடங்க வேண்டும்.

அழிப்பதும் அப்படித்தான். ஆங்கிலப் பாடத்தில் ஓர் எழுத்தை அழி என்றால் ஓர் எழுத்து போகும். 'கோ' என்று அடித்துவிட்டுப் பேக்ஸ்பேஸ் தட்டினால் ஈமாக்ஸில் 'க' மிஞ்சும், ஓகாரக் குறி மட்டும் போகும். எழுத்துக்கு முன்னால் கர்சரை வைத்து டெலீட் தட்டினால் 'கோ' முழுதாகப் போகும். கர்சரை நகர்த்தினாலும் முழு எழுத்தையும் தாண்டித்தான் நிற்கும். இது பிழையில்லை, யோசித்து வைத்த ஏற்பாடு. தட்டச்சில் குறிலுக்கு நெடில் விழுந்துவிட்டால் குறியை மட்டும் மாற்றப் பேக்ஸ்பேஸ் வசதியானது. ஆனால் யாரும் சொல்லித் தராவிட்டால் புதியவர் கணினி மக்கர் செய்கிறது என்றே நினைப்பார். விம்டியூட்டர் பாணியில் குறில் நெடில் தாறுமாறாக விழுந்த ஒரு வாக்கியத்தைக் கொடுத்து, இரண்டு விசைகளாலும் திருத்தச் சொல்லும் பயிற்சி ஒன்று தமிழுக்கென்றே எழுத வேண்டும்.

கோப்பு தயாரானால் அதை ஈமாக்ஸில் இணைப்பது பெரிய வேலையில்லை. தமிழுக்கான மொழிச் சூழல் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது, எந்தப் பாடத்தைத் திறப்பது என்று அதில் ஒரு வரி சேர்த்தால் போதும். அதுவரை மொழிச் சூழலைத் தமிழாக மாற்றிவிட்டுக் கண்ட்ரோல்-எச் டி தட்டுபவருக்கு ஆங்கிலப் பாடமே திறக்கும்.